கல் இல்லாதவர்களுக்கும் ஒரு பலகை: பழவேற்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

பழவேற்காட்டில் வரலாற்றுப் பலகைகள் வைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

போன மாதம் எங்கள் ஊரில் நடந்த கூட்டத்தில் எட்டுப் பலகைகளுக்கான வாசகங்களை வாசித்துக் காட்டினீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சரியாகக் காதில் விழாத இடங்களை, கூட்டம் முடிந்ததும் உங்கள் ஊழியர் ஒருவரிடம் நகலை வாங்கிப் படித்து எழுதிக்கொண்டேன். எட்டில் ஐந்து பலகைகள் ஒல்லாந்தரை, அதாவது டச்சுக்காரர்களைப் பற்றியவை. கோட்டை, கல்லறை, நாணயச்சாலை, கப்பல்கள், வணிகம். துணியும் வாசனைப் பொருள்களும் வைரமும் கைமாறிய செல்வத் துறைமுகம் இது என்று மூன்றாவது பலகை சொல்கிறது. இதே துறைமுகத்தில் மனிதர்களும் கைமாறினார்கள். அது எட்டுப் பலகைகளில் ஒன்றில்கூட இல்லை.

எழுந்து அதைக் கேட்டேன். "ஐயா, குடும்பத்தோட நாலு பேர் சுத்திப் பாக்க வர்ற இடம். அங்க போய் அடிமை, பஞ்சம்னு எழுதி வெச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் மேடையில் இருந்தவர். பக்கத்தில் இருந்த இன்னொருவர், அதற்கு இங்கே அடையாளம் எதுவும் கிடையாதே என்றார். அதோடு பேச்சு கழிப்பறை எங்கே கட்டுவது என்பதற்குப் போய்விட்டது. கழிப்பறை அவசியம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நான் கேட்ட கேள்விக்குக் கிடைத்த இரண்டு பதில்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் கோட்டைக்குப்பத்துக்காரன். எங்கள் குப்பத்துக்குப் பெயர் கொடுத்ததே அந்தக் கோட்டைதான். என் அப்பா ஏரியில் சுத்து வலை கட்டியவர். நான் படித்து, 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். சின்ன வயதில் அந்தக் கோட்டை எங்களுக்கு ஆடு மேய்க்கும் இடம். முள் மண்டிய மேடும் சுற்றிலும் தூர்ந்த அகழியும்தான் மிச்சம். பொழுது சாய்ந்தால் உள்ளே போகக் கூடாது என்பார் பாட்டி. ஏன் என்று கேட்டால், "அங்க அழுவுற சத்தம் கேக்கும்டா" என்பார். எல்லா இடிந்த கோட்டைக்கும் இப்படி ஒரு கதை இருக்கும் என்று பிற்காலத்தில் நான் அதைத் தள்ளிவிட்டேன். பாட்டியின் கதையை ஆதாரம் என்று இப்போதும் நான் கொண்டுவரவில்லை. அந்த இடத்தைப் பற்றி என் வீட்டில் சொல்லப்பட்ட ஒரே செய்தி அது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் பலகைகளில் உள்ள தகவல்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. ஒல்லாந்தர் 1610-இல் இங்கே வணிகம் செய்ய அனுமதி பெற்றார்கள். அப்போது விஜயநகர அரசர் வெங்கடபதி ராயரின் அரசியரில் ஒருவருடைய ஆளுகையில் இந்த ஊர் இருந்தது. 1613-இல் கோட்டை எழுந்தது. அதைக் கட்டிய வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணத்தின் பெயரால் அதற்கு கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடம் மாறிய 1690 வரை, சோழமண்டலக் கரை முழுவதிலும் ஒல்லாந்தரின் வணிகத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். வெடிமருந்து இங்கே தயாராகிக் கிழக்கே போனது. நாணயம் இங்கே அச்சானது. கடைசியில் 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இதெல்லாம் உங்கள் வாசகத்தில் நன்றாகவே வந்திருக்கிறது. அரசியைத் தவிர. அனுமதி கொடுத்த இடத்தில் "உள்ளூர் ஆட்சியாளர்" என்று இரண்டே சொற்களில் முடித்திருக்கிறீர்கள்.

இனி, விட்டுப்போனதற்கு வருகிறேன்.

1619-இல் ஒல்லாந்தர் ஜாவாவில் பட்டேவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, நிறுவினார்கள். 1621-இல் இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பாண்டா தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் துரத்தியும் தீவுகளையே காலி செய்தார்கள். ஜாதிக்காய்த் தோட்டங்கள் கையில் இருந்தன, வேலை செய்ய ஆள் இல்லை. புது நகரத்தில் சுவர் கட்டவும் வாய்க்கால் வெட்டவும் ஆள் வேண்டும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சூன் கூன் சோழமண்டலக் கரையிலிருந்து ஆட்களை வாங்கி அனுப்பச் சொல்லி எழுதினார்.

அதே ஆண்டுகளில் இந்தக் கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது? வெங்கடபதி ராயர் 1614-இல் இறந்ததும் வாரிசுச் சண்டை மூண்டது. தோப்பூரில் பெரும்போர் நடந்தது. படைகள் போன வழியெல்லாம் வயல் அழிந்தது. மழையும் பொய்த்தது. பஞ்சத்தில் ஜனங்கள் கரையை நோக்கி வந்தார்கள், கடற்கரையில் தானியம் கிடைக்கும் என்று. அங்கே கொஞ்சம் அரிசிக்கு ஆள் வாங்கக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். பெற்ற பிள்ளையை விற்றவர்கள் உண்டு. தன்னையே விற்றுக்கொண்டவர்கள் உண்டு. 1622, 1623 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பழவேற்காடு, கடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஒல்லாந்தக் கம்பெனி ஏற்றிச் சென்றவர்கள் சுமார் 1,900 பேர். 1646-இல் மறுபடியும் பஞ்சம். அப்போது இந்தக் கரையிலிருந்து பட்டேவியாவுக்குப் போனவர்கள் 2,118 பேர். தஞ்சாவூர்ச் சீமையை பீஜப்பூர்ப் படைகள் சூறையாடிய 1659 முதல் 1661 வரையான காலத்தில் 8,000-லிருந்து 10,000 பேர் வரை என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அந்தக் கூட்டம் பெரும்பாலும் தெற்கே நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கப்பலேறியது. அப்போதும் கரைக்கெல்லாம் தலைமை அலுவலகம் எங்கள் ஊர்தான்.

இந்தக் கணக்குகளை யாரும் கோபத்தில் இட்டுக்கட்டவில்லை. கம்பெனியின் குமாஸ்தாக்களே எழுதி வைத்தவை. வாங்கிய விலை, ஏற்றிய தொகை, வழியில் செத்தவர்கள் என்று துணி மூட்டையைப் பதிவு செய்வதுபோலவே பதிவு செய்திருக்கிறார்கள். ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் அந்த ஏடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. 2003-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆகவே, அடையாளம் இல்லை என்று சொன்ன ஐயாவுக்கு என் பணிவான பதில்: கல்லறை எழுத்தை அடையாளம் என்று ஏற்கும் நீங்கள், அதே ஆட்கள் எழுதிய கணக்கேட்டையும் அடையாளமாக ஏற்க வேண்டும். கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் கல் வெட்டி வைத்துவிட்டா போயிருப்பார்கள்?

ஒல்லாந்தர் கல்லறைக்கு நான் எத்தனை முறை பிள்ளைகளைக் கூட்டிப்போயிருப்பேன் என்று கணக்கில்லை. வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகளில் குலச்சின்னமும் பெயரும் பதவியும் வயதும். நல்ல வேலைப்பாடு. 300 ஆண்டுகளுக்கு மேல் உப்புக்காற்றில் நின்றும் எழுத்து படிக்கக் கிடைக்கிறது. அதைச் சுற்றிச் சுவரும் பூட்டும் காவலும் இருப்பது எனக்கு மகிழ்ச்சிதான். செத்தவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதில் பலர் சின்ன வயதில், ஊர் திரும்பாமல், காய்ச்சலிலும் பேதியிலும் போனவர்களாக இருக்கும். நான் கேட்பது, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவனின் முன்னோருக்கும் ஒரு வரி.

11 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாள், கல்லறை வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். பார்க்க நம் பக்கத்து முகம்தான், ஆனால் தமிழ் தெரியாது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனிலிருந்து வந்தவர். சென்னையில் ஏதோ வேலையாக வந்தவர், ஒரு நாள் ஒதுக்கிக்கொண்டு வண்டி பிடித்து இங்கே வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசினேன். அவர் குடும்ப வரலாற்றைத் தேடிப் போனபோது, ஆதியில் ஒரு அடிமைப் பெண்ணின் பெயரில் போய் முடிந்ததாம். அதுவும் வாங்கியவர்கள் வைத்த பெயர். அதற்குப் பின்னால் ஊர்ப்பெயர் போல "வான் கோரமண்டல்" என்று இரண்டு சொல். சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவள் என்று அர்த்தம். அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்த கேப்பில் அடிமைகளை அப்படித்தான் பதிந்தார்கள். அந்தப் பெண் எந்தத் துறையில் கப்பலேறினாள் என்று இவருக்குத் தெரியாது. ஒல்லாந்தருக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் இது என்பதால், இங்கே ஏதாவது இருக்கும் என்று நம்பி வந்திருக்கிறார்.

கல்லறைக்குள் ஒவ்வொரு கல்லாக நின்று நின்று படித்தார். அவருக்கு அந்த மொழி ஓரளவு புரிந்தது. வெளியே வந்து, "இவர்கள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. மற்றவர்களை எங்கே வைத்திருந்தார்கள்?" என்று கேட்டார். நான் அவரைக் கோட்டை மேட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே சீமைக் கருவேல முள்ளைத் தவிர எதையும் காட்ட முடியவில்லை. பிறகு ஒரு படகு பிடித்து முகத்துவாரம் வரை போனோம். கப்பல்கள் ஏரிக்குள் வர முடியாது, வெளியே கடலில்தான் நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகுகளில்தான் சரக்கையும் ஆட்களையும் கொண்டுபோய் ஏற்றினார்கள் என்று சொன்னேன். அவர் கடலைப் பார்த்தபடியே இருந்தார். திரும்பும்போது தன் நோட்டுப் புத்தகத்தை நீட்டி, இந்த ஊர்ப் பெயரை உங்கள் எழுத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார். பழவேற்காடு என்று எழுதிக் கொடுத்தேன். உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு, நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ழகரம் கடைசி வரை வரவில்லை.

நான் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். என் ஊருக்கு வந்து ஒருவர் கேட்ட ஒரே கேள்விக்கு முள்காட்டைக் காட்டினேன். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

இதைச் சொல்வது வெளிநாட்டுக்காரனைத் திட்டுவதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். வாங்கியவன் ஒல்லாந்தன் என்றால், கூட்டிவந்து விற்ற தரகர்கள் இந்த மண்ணின் ஆட்கள். வரி வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்ட நாயக்கர்களும் இந்த மண்ணின் ஆட்கள்தான். அதையும் சேர்த்தே எழுதுங்கள். பாதியை எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். சுற்றிப் பார்க்க வரும் குடும்பங்களுக்கு இது தாங்காது என்கிறீர்கள். நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அமைதியாகக் கேட்டார்கள், நிறையக் கேள்வி கேட்டார்கள், பிறகு எல்லோருமாகச் சாப்பிடப் போனோம். பெரியவர்களால் முடியாதா?

அப்புறம், விட்டுப்போனவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

பத்மநாபன் என்று ஒரு பிராமணர். 1632-லிருந்து பத்தாண்டுகள் இங்கே பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரோகேரியஸுக்கு, நம் மக்களின் வழிபாடு, சடங்கு, சாத்திரம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர். அவர் எடுத்துச் சொன்னதால்தான் வடமொழிக் கவி பர்த்ருஹரியின் பாடல்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழியில் வந்தன. ரோகேரியஸின் நூல் அவர் இறந்த பிறகு, 1651-இல் லெய்டனில் அச்சானது. நூலிலேயே பத்மநாபனின் பெயர் இருக்கிறது. உங்கள் பலகையில் ரோகேரியஸ் இருக்கிறார், பத்மநாபன் இல்லை. ரோகேரியஸே மறைக்காத பெயரை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

நெசவாளர்கள் இன்னொரு கூட்டம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட கைலிக்கு இன்றைக்கும் "பெலிக்காட்" என்றுதான் பெயர். அது, ஐரோப்பியர் வாயில் புலிகாட் என்று ஆன எங்கள் ஊர்ப் பெயர். இந்தத் துறையில் ஏறிய துணி, ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு போய் அங்கேயே தங்கிவிட்டது. நம் பக்கத்திலும் கடைகளில் பாளையக்காட்டு லுங்கி என்று கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்துத் தறிகளில் அதை நெய்தவர்களைப் பற்றி உங்கள் மூன்றாவது பலகையில் ஒரு சொல்லும் இல்லை. துணி தானாகக் கப்பலேறியதுபோல எழுதியிருக்கிறீர்கள்.

மீனவர்களைப் பற்றி ஒரு பலகை வைத்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அதில் படகின் படமும் "அழகிய மீனவ கிராமங்கள்" என்ற வாசகமும்தான். ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்தத் தலைக்கட்டுக்காரன் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரிக்கும் ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் என்று ஊருக்கு ஊர் பேசி வைத்த ஒப்பந்தம் அது. அதை ஆராய வெளிநாட்டிலிருந்தும் வந்திருக்கிறார்கள். அந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அதன் மேல் மனக்குறை உண்டு, அதையும் நான் மறைக்கவில்லை. ஆனாலும் இது வரலாறு. படகின் படத்தைவிடப் பெரிய வரலாறு. பனை ஓலையில் கூடை முடையும் முஸ்லிம் பெண்களுக்கும் இதே நிலைதான். "கைவினைப் பொருள்கள் கிடைக்கும்" என்று அவர்களைக் கடை விளம்பரம்போல முடித்துவிட்டீர்கள். பள்ளிவாசலில் உள்ள நிழற்கடிகாரத்தையாவது சேர்த்திருக்கலாம்.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

பலகைகளை அச்சுக்கு அனுப்புவதை நிறுத்தி வையுங்கள். எட்டு வாசகங்களையும் தமிழில் அச்சடித்து ஊராட்சி அலுவலகத்திலும், குப்பங்களின் பஞ்சாயத்தாரிடமும், பள்ளிவாசல், கோயில், மாதா கோயில் நிர்வாகங்களிடமும் கொடுங்கள். படித்துக் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் வேண்டும். சொன்ன கருத்தில் எதை ஏற்றீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

அடிமை வணிகத்துக்குத் தனியாக ஒரு பலகை வையுங்கள். மூன்றாவது பலகையின் ஓரத்தில் ஒட்டுவரியாகச் சேர்த்தால் போதாது. ஆண்டு, எண்ணிக்கை, எங்கே கொண்டுபோனார்கள், விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று எல்லாமே அதில் இருக்க வேண்டும். வாசகத்தை ஒல்லாந்தக் கம்பெனி ஏடுகளைப் படிக்கத் தெரிந்த வரலாற்றாய்வாளர்களைக் கொண்டு சரிபாருங்கள். நான் மேலே சொன்ன எண்களையும் அவர்கள் சோதிக்கட்டும். பிழை இருந்தால் திருத்திக்கொள்வேன்.

அந்தப் பலகையைக் கல்லறைச் சுவருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், கடலைப் பார்த்து வையுங்கள். முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடி இடம் மாறும், கரையும் அரிக்கும். எங்கே வைத்தால் நிற்கும் என்று லைட்ஹவுஸ் பக்கத்துக் குப்பத்துக்காரர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். உப்புக்காற்றில் இரண்டே வருஷத்தில் துருப்பிடித்து விழும் இரும்புத் தகடு வேண்டாம். ஒல்லாந்தருக்குக் கல் என்றால் இவர்களுக்கும் கல்லிலேயே வெட்டுங்கள். முதலில் தமிழ், பிறகு தெலுங்கு, பிறகு ஆங்கிலம். கடைசியில் டச்சு மொழியிலும் நாலு வரி போட்டால் நல்லது. அந்த நாட்டிலிருந்து வருகிறவர்களும் படிக்கட்டும்.

பத்மநாபனின் பெயரையும், கோட்டைக்கு இடம் கொடுத்த காலத்து அரசியையும், நெசவாளர்களையும், பாடு முறையையும் உரிய பலகைகளில் சேருங்கள். கோட்டை மேட்டின் முள்ளை வெட்டி, நடந்து போக ஒரு பாதையாவது போடுங்கள். வெட்டும்போது தொல்லியல் தெரிந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். புல்டோசர் வைத்துத் தள்ளிவிடக் கூடாது.

கேப் டவுன் பெண்மணி ஊர் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். எப்போதாவது அங்கே அவர்களுக்காக ஏதாவது எழுதி வைத்தால், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. உங்கள் முடிவு தெரிந்ததும் எழுதலாம் என்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன்,
கோட்டைக்குப்பம், பழவேற்காடு